பிறந்த ஊரில் ஒரு முஸாஃபிர்



டிசம்பர் கடைசி வாரத்தில் எங்கள் அண்ணன் பிரான்சிலிருந்து குடும்பத்துடன் வந்திருந்தார். அண்ணியும், பதினாறு வயது மகளும், பதினொரு வயது மகனும் உடன் வந்தார்கள். பத்து நாள் விடுமுறை. அதில் பாதி நாள் திருமண விருந்துகளிலும் நோய் விசாரிப்பிலும் கழிந்துவிட்டது. எஞ்சியது ஒரு சனியும் ஒரு ஞாயிறும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களைப் புதுச்சேரிக் கடற்கரைக்கும் துணிக்கடைகளுக்கும் அழைத்துச் செல்வதே கோட்டக்குப்பத்தில் உள்ள எங்களுக்கு வழக்கம். இம்முறை பிள்ளைகள் வேறுவிதமாகக் கேட்டார்கள். "புதுச்சேரியைப் போன முறையே பார்த்துவிட்டோம், சாச்சா. அத்தா பிறந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?" என்றாள் மகள். வானூர் வட்டத்திலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு உடனே ஒரு பதிலும் தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

அண்ணன் வந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அத்தா வஃபாத்தாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன; அம்மா அதற்கும் முன்பே போய்விட்டார்கள். வீடு இன்னும் அத்தாவின் பெயரிலேயே இருக்கிறது. இரண்டு ஆண்மக்கள், ஒரு பெண். மார்க்கப்படி ஐந்து பங்கு. அண்ணனுக்கு இரண்டு, எங்களுக்கு இரண்டு, திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்ட அக்காவுக்கு ஒன்று. அண்ணன் தம் இரண்டு பங்கையும் எங்களுக்கு விடுதலைப் பத்திரமாக எழுதித் தந்துவிடுவது என்று தொலைபேசியிலேயே பேச்சாகியிருந்தது. பத்திர எழுத்தர் நகல் தயாரித்து வைத்துவிட்டார். பழைய வீட்டை இடித்து மாடியுடன் கட்ட நாங்களும் வரைபடம் போட்டு வைத்திருந்தோம். அக்காவின் பங்கைப் பற்றி யாரும் அவசரப்படவில்லை. இதை மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம், நம் சமுதாயத்தில் பல வீடுகளில் இதே கதைதான் என்பது.

வெள்ளியன்று ஜும்ஆ முடிந்ததும் அண்ணன் ஹஜ்ரத்தைத் தனியே அழைத்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். ஜகாத் கணக்காக இருக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

சனிக்கிழமை காலை வானூர் வழியாகத் திருவக்கரைக்குப் புறப்பட்டோம். மழைக்காலம் முடிந்த கையோடு செம்மண் இன்னும் ஈரமாக இருந்தது. முந்திரித் தோப்புகள், சவுக்குத் தோப்புகள், நெற்கதிர் சாயத் தொடங்கிய வயல்கள். இவற்றுக்கு நடுவே கல்குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றிவரும் லாரிகளின் புழுதி. ஒரு கூட்டுச்சாலையில் அவித்த மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்த அம்மையாரைக் கண்டதும் அண்ணன் வண்டியை நிறுத்தச் சொன்னார். "வேர்க்கடலை என்று இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லி மல்லாட்டை என்ற சொல்லே மறந்துபோயிருந்தது, தம்பி" என்றார். இரண்டு படி வாங்கினார். திருவக்கரை வரை தோல் உரிக்கும் ஓசையைத் தவிர வண்டிக்குள் பேச்சே இல்லை.

திருவக்கரை என்றால் பலருக்கும் அங்குள்ள பழைய சந்திரமௌலீசுவரர் ஆலயம்தான் நினைவுக்கு வரும். நாங்கள் தேடிப்போனது ஊருக்கு வெளியே உள்ள கல்மரங்களை. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் பாதுகாப்பில் தேசியக் கல்மரப் பூங்காவாக அது இருக்கிறது. வேலிக்குள் நுழைந்தால், வெட்டிப் போட்ட அடிமரங்கள் சிதறிக் கிடப்பதுபோலத்தான் தெரியும். அருகே சென்று கைவைத்தால் பாறை. ஆண்டு வளையங்கள், கணுக்கள், பட்டையின் வெடிப்புகள் யாவும் அப்படியே இருக்கின்றன. மரம் மட்டும் இல்லை. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் மணலும் களிமண்ணும் மூடிப் புதைத்த மரங்களுக்குள் சிலிக்கா கரைந்த நீர் ஊறி, மரத்தின் அணுக்கள் இருந்த இடத்தையெல்லாம் நிரப்பிக் கல்லாக்கிவிட்டது. இவற்றைப் பற்றி ஐரோப்பியருக்கு முதலில் எழுதியவர் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர்; ஆண்டு 1781. தங்கள் நாட்டுக்காரர் ஒருவர் தங்களுக்கு முன்பே இங்கு வந்திருக்கிறார் என்று கேட்டதும் பிள்ளைகளுக்கு ஒரே மகிழ்ச்சி. தங்கள் நாடு என்று அவர்கள் இயல்பாகச் சொன்னதை அண்ணனும் கவனித்தார், நாங்களும் கவனித்தோம்.

இளையவன் ஒரு கேள்வி கேட்டான். "இந்த மரங்களுக்கு வேரும் கிளையும் ஏன் இல்லை?" நல்ல கேள்வி. அறிஞர்கள் சொல்லும் விடையும் அதிலேயே அடங்கியிருக்கிறது. இவை இந்த மண்ணில் முளைத்து நின்றவை அல்ல. வேறெங்கோ வளர்ந்து, பெருவெள்ளத்தில் வேரோடு பெயர்ந்து, உருண்டு வரும் வழியிலேயே கிளையும் வேரும் முறிந்து, இங்கு வந்து படுத்தவை. இன்று யாரும் அவற்றை வந்தேறி மரங்கள் என்று சொல்வதில்லை. திருவக்கரை மரங்கள் என்றே உலகம் சொல்கிறது. பூமியில் சுற்றிப் பார்த்துப் படைப்பின் தொடக்கத்தைச் சிந்திக்கும்படி குர்ஆன் நம்மைத் தூண்டுகிறது. வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் இருக்கும் இதைப் பார்க்க எங்களுக்கு இத்தனை வயது ஆயிற்று.

மாலையில் கழுவெளி. வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடந்து, எடையன்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடலைத் தொடும் இந்த நீர்ப்பரப்பை 2021இல் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இடம். கூழைக்கடாக்கள் மிதந்துகொண்டிருந்தன. தொலைவில் பூநாரைகள் வெளிர்சிவப்புக் கோடாக நின்றன. மத்திய ஆசியாவிலிருந்தும் வடக்கிலிருந்தும் குளிருக்கு ஒதுங்கி வந்து, கோடையில் திரும்பிவிடும் சின்னஞ்சிறு உள்ளான்கள் சேற்றில் ஓடியாடின. அண்ணி, "நம்மைப் போல விடுமுறைக்கு வந்திருக்கின்றன" என்று சிரித்தார். மறுமொழி யாரிடமும் இல்லை. மஃரிபுக்கு ஊர் திரும்பி, பள்ளியில் இமாமுக்குப் பின்னால் எல்லோரும் ஒன்றாகத் தொழுதோம்.

ஞாயிறன்று செஞ்சி. இளையவன் செஞ்சி போவதற்காகவே சுபுஹுக்கு எழுந்தான் என்பதையும் குறித்துவைக்க வேண்டும். திண்டிவனம் வழியாக எங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியரின் படைநிலப் பகுதிகள் என்று பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி ஒன்றுதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளையும் மதிலால் இணைத்த கோட்டை அது. நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான், 1677இல் சிவாஜி, பிறகு முகலாயர், ஆற்காட்டு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறிக்கொண்டே வந்தது. சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்ஃபிகார் கான் 1690 முதல் 1698 வரை வெளியே முற்றுகையிட்டுக் காத்திருந்தார். ஏறிப் பார்த்தவர்களுக்கு அந்த எட்டு ஆண்டுகளில் வியப்பிருக்காது.

அண்ணிக்கு முழங்கால் வலி. கல்யாண மகாலின் நிழலில் அவரை அமர்த்திவிட்டு நாங்கள் ராஜகிரி ஏறினோம். பாதி மலையில் பிள்ளைகள் மேலே போய்விட்டார்கள்; அண்ணனும் நாங்களும் படிக்குப் படி நின்றோம். இதற்கு முன் அண்ணன் இங்கு வந்தது பள்ளிக்கூடச் சுற்றுலாவில். அப்போது உச்சிக்கு ஓடியே போனாராம்.

இறங்கி வந்து சாதத்துல்லா கான் பள்ளிவாசலைப் பார்த்தோம். பாரசீகக் கல்வெட்டு உள்ளது, 1717-18இல் கட்டப்பட்டது. இவ்விடத்தில் கதையைச் சொல்லாமல் இருக்க முடியுமா? அத்தா எங்களுக்குச் சொன்னதை அண்ணன் பிள்ளைகளுக்குச் சொன்னார். முகலாயருக்காகக் கோட்டையை ஆண்ட புந்தேல ராஜபுத்திரர் சரூப்சிங் 1714இல் இறந்ததும், அவர் மகன் தேஜ்சிங் பொறுப்பேற்றார். நம் மக்கள் நாவில் அவர் தேசிங்குராஜன். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் திறை கேட்டார்; தேசிங்கு மறுத்தார். நவாபின் பெரும்படைக்கு எதிரே சில நூறு குதிரைவீரர்களோடு இறங்கி, இருபத்திரண்டு வயதில் களத்தில் மடிந்தார். அவர் பக்கம் நின்று மடிந்தவர்களில் ஒருவர் உயிர்த்தோழர் மஹபத்கான். கதைப்பாடலில் அவர் பெயர் மோவுத்துக்காரன். தேசிங்கின் குதிரை பாராசாரி, இவருடையது நீலவேணி. திருமணப் பந்தலில் இருந்தவர், தோழனின் ஓலை வந்ததும் மணக்கோலத்தைக் களைந்து குதிரை ஏறினார் என்று பாடுகிறார்கள். 1960இல் எம்.ஜி.ஆர். இரட்டை வேடத்தில் நடித்த படமும் வந்தது. அத்தா அதைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டுப் பாட்டனாரிடம் அடி வாங்கியது தனிக்கதை.

மகள் சற்று நேரம் பள்ளிவாசலின் வளைவுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அப்படியென்றால் இந்தப் பள்ளியைக் கட்டியவர், மஹபத்கானைக் கொன்ற பக்கத்தைச் சேர்ந்தவரா?" ஆம் என்றோம். "நாம் எந்தப் பக்கம்?"

வளர்ந்த நாட்டில் அந்தக் கேள்வியை அவளிடம் எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்டிருப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியாதா? இங்கும் நம்மிடம் கேட்பவர்கள் உண்டு. வரலாற்றை இரு மதங்களின் போராகச் சுருக்கிச் சொல்வோருக்குச் செஞ்சி ஒத்துவராது. வென்றவரும் முஸ்லிம், தோற்றவருக்காக உயிர்கொடுத்தவரும் முஸ்லிம். வென்றவர் கட்டிய பள்ளி இங்கே நிற்கிறது; மஹபத்கான் பெயரிலும் ஒரு பள்ளி இதே கோட்டையில் இருக்கிறது. தோற்ற அரசனின் மனைவி நினைவாகவே ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது என்பர். அந்த ஊரை உண்டாக்கியவரும் வென்ற நவாப்தான் என்பர். அண்ணன் நீட்டி முழக்கவில்லை. "உன் பாட்டனாரைக் கேட்டால், உண்ட உப்புக்கு உண்மையாக இருந்த பக்கம் என்பார்" என்றார். அவள் திருப்தியடைந்ததாகத் தெரியவில்லை. நாங்கள் அதை நல்ல அடையாளமாகவே எடுத்துக்கொண்டோம்.

ளுஹருக்கு வக்து வந்தது. கோட்டைக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் போர்வையை விரித்து, புட்டித் தண்ணீரில் ஒளூச் செய்து நின்றோம். மூத்தவர் என்பதால் அண்ணனை முன்னே நிறுத்தினோம். இரண்டு ரக்அத் முடிந்து இருப்பில் அமர்ந்தார். எழுவார் என்று காத்திருந்தோம். அவர் வலப்பக்கம் திரும்பி ஸலாம் கொடுத்துவிட்டார். இடப்பக்கமும் கொடுத்துவிட்டு, திரும்பிப் பாராமலே மெல்லச் சொன்னார்: "நீங்கள் நான்காக நிறைவு செய்யுங்கள். நான் முஸாஃபிர்."

எழுந்து எஞ்சிய இரண்டைத் தொழுதோம். நெஞ்சு மட்டும் தொழுகையில் நிற்கவில்லை; அல்லாஹ் மன்னிப்பானாக.

சட்டம் தெரியாதவர்களுக்காகச் சற்று விளக்கிவிடுகிறோம். பயணிக்கு நான்கு ரக்அத் தொழுகை இரண்டாகச் சுருங்கும். எங்கள் ஹனஃபி மத்ஹபில் அதற்குரிய தொலைவை 48 மைல், அதாவது சுமார் 77 கிலோமீட்டர் என்று நம் நாட்டு உலமாக்கள் கணக்கிடுகிறார்கள். செஞ்சி அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆகவே கோட்டக்குப்பத்தைச் சொந்த ஊராகக் கொண்ட எவரும் அங்கே நான்குதான் தொழ வேண்டும். அண்ணன் இரண்டு தொழுதார் என்றால், கோட்டக்குப்பமே அவருக்குச் சொந்த ஊர் இல்லை. பதினைந்து நாளுக்குக் குறைவாகத் தங்க வந்த வெளியூர். இத்தனை நாளும் பள்ளியில் உள்ளூர் இமாமின் பின்னால் தொழுததால் அது வெளியே தெரியவில்லை. உள்ளூர் இமாமைப் பின்தொடரும் பயணி நான்காகவே தொழுவார்.

வெள்ளியன்று ஹஜ்ரத்திடம் கேட்டது இதைத்தானாம். பிறந்த ஊரை விட்டுக் குடும்பத்தோடு வேறிடத்தை நிலையான ஊராக்கிக்கொண்டவருக்குப் பழைய ஊர் சொந்த ஊராக நீடிப்பதில்லை என்பது சட்டம். பழைய ஊரில் வீடு எஞ்சியிருந்தால்? அதில் ஃபிக்ஹு நூல்களில் இரு கருத்துகள் உண்டு. நீடிக்காது என்போர் உண்டு. நீடிக்கும் என்போரும் உண்டு. "எழுதிக் கொடுத்துவிடப் போகிற வீட்டைக் காட்டி இரண்டாவது கருத்தைப் பிடித்துக்கொள்வது நேர்மையாகப் படவில்லை" என்றார் அண்ணன். (இதை மார்க்கத் தீர்ப்பாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அவரவர் நிலையை அவரவர் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

பெருமானார் (ஸல்) அவர்கள் பிறந்த மக்காவுக்கு இறுதி ஹஜ்ஜுக்கு வந்தபோது, மதீனா திரும்பும் வரை இரண்டிரண்டாகவே தொழுதார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் நாம் அறிந்ததுதான். மக்காவில் தங்கள் வீட்டில் தங்குவீர்களா என்று உஸாமா (ரலி) கேட்டபோது, அகீல் நமக்கு ஏதேனும் வீட்டை விட்டுவைத்திருக்கிறாரா என்று அவர்கள் திருப்பிக் கேட்டதும் புகாரியில் உள்ளது. சிறுவயதிலிருந்து பயானில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அதில் வீட்டை எடுத்துக்கொண்ட உறவினர் இடத்தில் எங்களை வைத்துப் பார்த்தது அன்றுதான்.

எங்கள் குடும்பத்துக்குப் போவதும் வருவதும் புதிதல்ல. பாட்டனார் சைகோனில் துணி வியாபாரத்தில் இருந்தவர். அங்கே 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசலில் தொழுததைச் சொல்லிக்கொண்டே இருப்பாராம். ஆனால் அவர் திரும்பி வந்தார். அந்த வீட்டைக் கட்டியதே சைகோன் பணத்தில்தான்.

திரும்பும் வழியில் திண்டிவனத்தில் அக்கா வீட்டில் விருந்து. பிரியாணியை மூன்றாம் முறை பரிமாறிக்கொண்டே அக்கா கேட்டார்: "எழுதிக் கொடுத்துவிட்டால், அடுத்த முறை வந்து எங்கே இறங்குவாய்? தம்பி வீட்டு விருந்தாளியாகவா?" அண்ணன் தலை நிமிரவில்லை. அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். "இரண்டு வருடமாக என் ஒரு பங்கைப் பற்றி நீங்கள் இருவருமே வாய் திறக்கவில்லை. நானாகக் கேட்டால் கேவலம் என்று இருந்தேன்." குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். வாரிசுப் பங்குகளை ஒவ்வொருவருக்கும் வரையறுத்து விதித்த மார்க்கத்தில் இருந்துகொண்டு, அவள் கேட்கவில்லையே என்று நாம் சும்மா இருந்துவிடுகிறோம்.

அஸர் திண்டிவனத்துப் பள்ளியில். ஜமாஅத்தோடு எல்லோருக்கும் நான்கு ரக்அத்.

இரவு ஊர் வந்து சேர்ந்தபோது இஷா ஜமாஅத் முடிந்திருந்தது. அத்தாவின் மேற்கு அறையில், அவர் தொழும் இடத்தில் பாய் விரித்து அண்ணன் முன்னே நின்றார். இரண்டாம் ரக்அத் இருப்பில் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம் என்றால் மிகையில்லை. அண்ணன் தக்பீர் சொல்லி மூன்றாம் ரக்அத்துக்கு எழுந்தார்.

தொழுகை முடிந்து வெகுநேரம் தஸ்பீஹ் ஓதிவிட்டுச் சொன்னார்: "தம்பி, விடுதலைப் பத்திரம் வேண்டாம். பாகப்பிரிவினை செய்துவிடுவோம். அக்காவுக்கு உரியதை முதலில் கொடுப்போம். என்னுடையது என் பெயரில் இருக்கட்டும். பிள்ளைகள் வருவார்களோ மாட்டார்களோ, நான் வருவேன், இன்ஷா அல்லாஹ்."

உண்மையைச் சொல்வதானால், அந்தக் கணத்தில் எங்கள் உள்ளம் முழுவதும் மகிழ்ச்சி இல்லை. மாடி வரைபடம் கண்முன் வந்து போயிற்று. மேல்மாடிக்குப் போட்டிருந்த கணக்கு, கீழே வாடகைக்கு விடலாம் என்றிருந்த நினைப்பு எல்லாம் ஐந்தில் இரண்டாகச் சுருங்கின. சரி என்று சொல்ல இரண்டு நொடி தாமதமாயிற்று. அண்ணன் அதைக் கவனித்திருப்பார்.

திங்களன்று பத்திர எழுத்தரிடம் போய்ப் பழைய நகலைக் கிழிக்கச் சொன்னோம். புதிதாக எழுத வேண்டியதற்கு அக்காவும் வந்து அமர்ந்திருந்தார். வீட்டின் மதிப்பைப் பேசி, அவர் பங்குக்குரிய தொகையில் முதல் தவணையை அன்றே கையில் கொடுத்தோம். மீதியைத் தை முடிவதற்குள் கொடுப்பதாக எழுதியும் கொடுத்தோம். பதிவுக்கு அண்ணன் அதிகாரப் பத்திரம் அனுப்புவார். அவர் போன மறுவாரம் பொறியாளர் வந்து, எந்தப் பக்கத்திலிருந்து இடிப்பைத் தொடங்கலாம் என்று கேட்டார். கிழக்குப் பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறோம். மேற்கு அறையில் கைவைக்க வேண்டாம், ஓடு மட்டும் மாற்றினால் போதும்.